குடியரசுத் தலைவர் கேள்வியில எல்லாரும் விழுற குழி

ஒவ்வொரு பேட்ச்லயும் ஆன்சர் ஷீட் திருத்த உட்கார்ந்தா, நாங்க போட்டித் தேர்வுக்குப் படிச்ச காலத்துல எழுதின அதே தப்புதான் வருது, கையெழுத்து மட்டும்தான் வேற. அரசியலமைப்புச் சட்டத்தோட ஆர்ட்டிகிள் நம்பர் மாறிப்போறதெல்லாம் ரெண்டு டெஸ்ட் எழுதினா தானா சரியாகிடும், அதை விடுங்க.

"திருப்பி அனுப்பலாம்"னு மொட்டையா எழுதுறது

இதைப் பார்த்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். போன டெஸ்ட்ல நல்லா படிக்கிற ஒரு பையன், "குடியரசுத் தலைவர் ஒரு தடவை திருப்பி அனுப்பலாம், மறுபடி வந்தா கையெழுத்துப் போட்டே ஆகணும்"னு எழுதி அடிக்கோடு வேற போட்டிருந்தான். எதை, யாருக்கு அனுப்புறாரு? கேள்வி கேட்டதே ஆளுநர் அனுப்பி வச்ச மாநில மசோதா பத்தி, அங்க இந்த வரி அப்படியே தப்பு, மொத்த பதிலும் காலி.

ஆர்ட்டிகிள் 74ல திரும்பிப் போறது மசோதா இல்ல, அமைச்சரவையோட ஆலோசனை. 1976ல 42வது திருத்தம் அந்த ஆலோசனைப்படிதான் நடக்கணும்னு கட்டிப்போட்டுச்சு, 1978ல 44வது திருத்தம் ஒரே ஒரு தடவை மறுபரிசீலனைக்கு அனுப்ப வழி விட்டுச்சு. 1997ல உத்தரப்பிரதேசத்துல ஜனாதிபதி ஆட்சி கொண்டு வரணும்னு குஜ்ரால் அரசு சொன்னப்ப கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினாரு, அரசும் அதோட விட்டுடுச்சு.

ஆர்ட்டிகிள் 111 வேற, அங்க மசோதா திரும்ப நாடாளுமன்றத்துக்குப் போகும். 2006ல ஆதாயப் பதவி மசோதாவை கலாம் திருப்பி அனுப்ப, அவங்க அப்படியே மறுபடி நிறைவேத்தி அனுப்பினாங்க, அவரும் கையெழுத்துப் போட்டாரு. பண மசோதாவையும் அரசியலமைப்புத் திருத்த மசோதாவையும் இப்படி அனுப்பவே முடியாது. ஆனா எத்தனை நாள்ல முடிவெடுக்கணும்னு கெடு எதுவும் அந்த ஆர்ட்டிகிள்ல இல்ல, அதனாலதான் 1986ல அஞ்சலகத் திருத்த மசோதாவை ஜெயில் சிங் கையெழுத்தும் போடாம திருப்பியும் அனுப்பாம அப்படியே வச்சுக்க முடிஞ்சுது.

இப்ப அந்தப் பையன் கோட்டைவிட்ட ஆர்ட்டிகிள் 201. குடியரசுத் தலைவர் முடிவுக்குன்னு ஆளுநர் ஒதுக்கி வச்ச மாநில மசோதா திரும்பி வந்தா சட்டமன்றம் ஆறு மாசத்துக்குள்ள மறுபடி பார்க்கணும். அவங்க திரும்ப நிறைவேத்தி அனுப்பினாலும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தே ஆகணும்னு கட்டாயம் இல்ல. மூணுக்கும் ஒரே வரி எழுதுறவங்களுக்கு நான் மார்க்கே போடுறதில்ல, கோபிச்சுக்காதீங்க.

அமெரிக்க அதிபரை மனசுல வச்சு எழுதுறது

வேணாம். நம்ம குடியரசுத் தலைவர் மேல சொன்ன மாதிரி அமைச்சரவை ஆலோசனைப்படிதான் நடக்கணும்.

அவசரச் சட்டம்

நாடாளுமன்றத்தோட ரெண்டு அவையும் நடந்துட்டு இருந்தாதான் போட முடியாது. ஒண்ணு மட்டும் நடந்தா போடலாம்.

தேர்தலையும் பதவிநீக்கத்தையும் குழப்புறது

எம்.எல்.ஏ.வுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தல்ல ஓட்டு உண்டு, பதவிநீக்கத்துல வேலை இல்ல. நியமன எம்.பி.க்கு அப்படியே தலைகீழ். எம்.எல்.சி.க்கு, அதாவது சட்ட மேலவை உறுப்பினருக்கு, ரெண்டுலயும் இடமில்ல.