பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு: நகரத்தில் ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொதுச் சுகாதார ஆய்வு என்றதும் டார்கெட்தான் முதலில் பேசப்படுகிறது. 400 பேர் வேண்டும், கையில் மூன்று மாதம், ஆறு கள ஆய்வாளர்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை என்று எக்செலில் வகுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எண் நிரம்பிவிடும், அதில் சந்தேகமே வேண்டாம், சென்னையில் யாரோ 400 பேர் கிடைக்காமலா போவார்கள். ஆனால் கிடைக்காமல் போனவர்கள் யார் என்று பெரும்பாலும் எவரும் எழுதி வைப்பதில்லை.

சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பெரும்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். நகருக்குள் ஆற்றோரங்களிலும் குடிசைப் பகுதிகளிலும் இருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்காகக் கட்டிய எட்டு மாடி பிளாக்குகள். கழுத்தில் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு காலை பத்து மணிக்குப் போய் இறங்கினால், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அதற்கு வெகு முன்பே பஸ் பிடித்துப் பழைய ஏரியாவுக்குப் போயிருப்பார்கள், கொத்தனார், பெயின்டர் எல்லாம் சைட்டில் இருப்பார்கள். லிஃப்ட் ஓடாத நாளில் நம் ஆய்வாளரும் மூன்றாவது மாடிக்கு மேல் ஏறத் தயங்குவார், ஏழாவது மாடியில் முட்டி வலியோ மூச்சிரைப்போ உள்ள பெரியவரும் கீழே வரமாட்டார். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூச்சு நோய் பற்றித்தான் ஆய்வு என்றால், தேடி வந்த ஆளையே மேலே விட்டுவிட்டுத் திரும்புகிறோம் என்று அர்த்தம். இதில் மோசமான பழக்கம் ஒன்று உண்டு, வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள்வது. பகலில் பூட்டாத வீட்டில் இருப்பவரும் பகலெல்லாம் உழைக்கப் போனவரும் எப்படி ஒன்றாவார்கள்? அதே கதவைக் குறைந்தது மூன்று தடவை, வேறு வேறு நேரத்தில், ஒரு தடவையாவது சாயங்காலம் ஏழு மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ தட்டியாக வேண்டும்.

அடுத்தது பட்டியல். வாக்காளர் பட்டியலிலோ ரேஷன் கார்டிலோ இருந்து ஆள் எடுத்தால், ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்து லேபர் கேம்பில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார், வங்காளத் தொழிலாளி அதில் இருக்கவே மாட்டார், பிளாட்பாரத்தில் குடும்பம் நடத்துபவர்களில் பலரும் இருக்கமாட்டார்கள். சரி, கேம்புக்கே போகிறோம் என்று போனால் அங்கே மேஸ்திரி நிற்பார். 'எத்தனை பேர் வேணும் சொல்லுங்க சார், வரிசையா நிக்க வைக்கிறேன்' என்பார். வேலை சுலபமாகிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். உள்ளே நுழைய அவருடைய அனுமதி தேவைதான், ஆனால் அது தொழிலாளியின் சம்மதம் ஆகாது, கூலி கொடுப்பவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று எவரும் சொல்லமாட்டார். மொழிபெயர்க்கவும் கான்ட்ராக்டர் ஆபீஸ் ஆளையே உட்கார வைத்துக்கொண்டு 'சைட்டில் அடிபட்டதுண்டா' என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. கர்ச்சி பணம், அதாவது கைச்செலவுக்கு அவ்வப்போது கொடுக்கும் முன்பணம், கைக்கு வரும் நாளிலும் போகாதீர்கள், அன்றைக்கு எல்லோரும் கடைத்தெருவில் இருப்பார்கள்.

தொண்டு நிறுவனம் வழியாக ஆள் எடுப்பதிலும் இதே சிக்கல்தான். ஏற்கெனவே அங்கே ஆணுறையோ ஊசியோ மாத்திரையோ வாங்க வருபவர்கள்தான் கிடைப்பார்கள். பிறகு, 'இந்தச் சமூகத்தில் பரிசோதனை பற்றிய விழிப்புணர்வு நன்றாக இருக்கிறது' என்று அறிக்கை எழுதுவோம்!

போதை ஊசி போடுபவர்கள், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் என்று எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களுக்கு அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதார்ன் 1997இல் ஒரு முறையை எழுதினார். முதலில் நாமே சிலரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்குப் பெரும்பாலும் மூன்று கூப்பன் கொடுப்போம், அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களை அனுப்புவார்கள், வந்தவர்களுக்கும் கூப்பன், இப்படியே சங்கிலி நீளும். ஹெச்ஐவி துறையில் வேலை செய்யும் சென்னைத் தொண்டு நிறுவனமான ஒய்.ஆர்.ஜி. கேர் பல இந்திய நகரங்களில் இதைப் பயன்படுத்தியிருக்கிறது. நல்ல முறைதான், ஆனால் கூப்பன் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முதல் ஆட்கள் எல்லோரும் ஒரே பாலத்தடிக் கூட்டாளிகளாக இருந்து சங்கிலியும் இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிட்டால், நம்மிடம் இருப்பது அந்தப் பாலத்தடி மட்டும்தான். இன்னொன்று, 'இந்த ஊரில் ஊசி போடுபவர்களில் உங்களுக்குத் தெரிந்து, கடந்த 30 நாளில் நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்' என்ற கேள்வியை அவசரத்தில் கேட்பது. நிறைய பேரைத் தெரிந்தவர் சங்கிலியில் சிக்குவது எளிது, அதனால் கணக்குப் போடும்போது அவருக்கு எடையைக் குறைக்கிறோம், இரண்டே பேரைத் தெரிந்தவருக்குக் கூட்டுகிறோம். அந்த ஒரு எண்ணை 'ஒரு பத்து இருபது பேர் இருப்பாங்க' என்று வாங்கிவந்தால் பின்னால் எந்தப் புள்ளியியல் நிபுணராலும் காப்பாற்ற முடியாது.

இனி பயம். ஆற்றோரக் குடிசைப் பகுதியில் பட்டியலோடு ஒருவர் வந்து கதவில் சாக்பீஸால் எண் எழுதினால் அங்கிருப்பவர்களுக்கு ஒரே அர்த்தம்தான், வீட்டை இடிக்கப் போகிறார்கள். அப்படிக் கணக்கெடுத்துத்தான் பக்கத்துத் தெருவைக் காலி செய்திருப்பார்கள். அதற்கு அப்புறம் கைநாட்டு கேட்டால்? ரத்தம் எடுப்பதும் அப்படித்தான். சிறுநீரகம் விற்றவர்கள் அதிகம் என்பதால் வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று ஊரே கூப்பிட்ட காலம் உண்டு, 2007இல் எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்புப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வெளிவந்தது. 'எதுக்கு ரத்தம், எங்க கொண்டு போறீங்க' என்று ஒரு அக்கா கேட்டால் அதை அறியாமை என்று எழுதாதீர்கள். எத்தனை மில்லி, எந்த லேப், முடிவு எப்போது கைக்கு வரும் என்று சொல்லுங்கள், சொன்ன நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் சம்மதிக்கும்போது பாரபட்சமற்ற சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல், உங்கள் டிரைவரை நிற்க வைத்துக் கையெழுத்து வாங்குவது அதில் சேராது.

பணம் கொடுப்பதா வேண்டாமா என்ற விவாதம் எனக்கு அலுத்துவிட்டது. பயணச் செலவும் இழந்த கூலியும் கொடுப்பதை அதே வழிகாட்டுதல் ஏற்கிறது, ஆளை மயக்கும் தொகையாக இருக்கக் கூடாது, எத்திக்ஸ் கமிட்டி பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஜிபேயில் அனுப்பினால் புராஜெக்ட்டின் பெயரோடு மெசேஜ் போகலாம், அந்த போன் புருஷன் கையில் இருக்கலாம். ஹெச்ஐவி ஆய்வு என்றால் அந்த ஒரு வரியே ஒரு குடும்பத்தைக் கலைத்துவிடும். யார் எடுத்தார்கள் என்று தெரியாமலே போனில் ஆய்வின் பெயரைச் சொல்வதும் இதே ரகம்தான்.

சேர்த்தவர்களைத் தொலைக்காமல் இருப்பதும் ஆள் சேர்ப்பில் அடக்கம். 1950களின் பிற்பகுதியில் சென்னையின் காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகளை வீட்டிலேயே வைத்து ஒரு வருடம் வைத்தியம் பார்த்து, அதை சானடோரியத்தில் சேர்த்தவர்களோடு ஒப்பிட்டது. செல்போன் இல்லாத காலம், ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள், முன்னறிவிப்பில்லாமலும் போய் மாத்திரை சாப்பிட்டார்களா என்று பார்த்தார்கள். இப்போது ஒரு நம்பரை வாங்கிக்கொண்டு, அது ஸ்விட்ச் ஆஃப் என்றதும் 'தொடர்பில் இல்லை' என்று டிக் அடிக்கிறோம். இரண்டு மாற்று நம்பராவது வாங்குங்கள், யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கள ஆய்வாளருக்குப் படிவத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசாதீர்கள், பேசினால் அவர் மூன்றாவது மாடியோடு நிற்பதைக் குறை சொல்ல முடியாது. மாதச் சம்பளம் கொடுத்து, படிவத்தோடு ஒரு நோட்டும் கொடுங்கள். எந்தக் கதவு, எந்த மாடி, எத்தனை மணி, பூட்டியிருந்ததா, மறுத்தார்களா, மறுத்தால் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு நாளும் அதில் ஏற வேண்டும். அந்த நோட்டை மாதக் கடைசியில் அல்ல, முதல் வாரத்திலேயே உட்கார்ந்து படியுங்கள், நேரத்தையும் இடத்தையும் மாற்ற அப்போதுதான் வழி இருக்கும்.