திரை மங்கியதும் வெளிச்சத்தைக் கூட்டலாமா? எண்டோஸ்கோப்பி அறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போகியன்று விடிகாலையில் எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். புகையும் பனியும் சேர்ந்து சுவராக நிற்கும்போது ஹெட்லைட்டை உயர்த்திப் போட்டால் சாலை தெரியாது, சுவர்தான் இன்னும் வெளுக்கும். ஒளி சாலையைத் தொடும் முன்பே புகைத்துகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பிவிடுகிறது. வண்ணாரப்பேட்டைப் பக்கம், நுனியில் கேமரா உள்ள ஸ்கோப் என்ற குழாயை உடலுக்குள் விட்டுப் பார்க்கும் ஒரு சிறிய எண்டோஸ்கோப்பி மையத்தில் டெக்னீஷியனாகப் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். படம் மங்கியதும் அங்கே முதலில் எழும் குரல், "லைட்டைக் கூட்டு." பாதி நேரம் அது இந்த ஹெட்லைட் வேலைதான்.

மறைப்பது எது என்று பார்க்காமலேயே மாற்று தேடுவதுதான் ஆணிவேரான தவறு. நுரை ஒளியைச் சிதறடிக்கிறது. ரத்தம் ஒளியை விழுங்குகிறது. நீராவி லென்ஸின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மூன்றுக்கும் ஒரே பொத்தான் எப்படிப் பதிலாகும்?

முதல் தவறு நோயாளியின் வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஸ்டான்லியை இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்கிற ஊர் இது. கஞ்சி இங்கே உணவுக் கணக்கில் சேராது, பத்தியக் கணக்கில் சேரும். ஆடி மாதத்து ஞாயிறு முடிந்த ஒரு திங்கட்கிழமை, குடல் பரிசோதனைக்கு வந்த பாட்டி ஒருவர், "கோயிலில் ஊற்றிய கூழ்தானே தம்பி, தண்ணீர் மாதிரிதானே இருந்தது" என்றார். கேழ்வரகுக் கூழ் குடல் சுவரில் பூசின மாதிரி ஒட்டியிருந்தது. எவ்வளவு நீர் பீய்ச்சியும் பயனில்லை, மறுபடி வரச் சொல்ல வேண்டியதாயிற்று. அடியில் இருப்பது தெரிகிற அளவு தெளிவான திரவத்துக்குத்தான் அனுமதி. ரோஸ் மில்க் கூடாது. அது பால் என்பதோடு, சிவப்புச் சாயம் உள்ளே ரத்தம்போல ஏமாற்றும். தக்காளி, கொய்யா விதைகள் உள்ளே இருப்பதை உறிஞ்சும் சக்ஷன் குழாயையே அடைத்துவிடும். பேதி மருந்தை முந்தின இரவே மொத்தமாகக் குடித்து முடிப்பதும் தவறு. பாதியை இரவிலும், மீதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பும் குடித்தால்தான், சிறுகுடலிலிருந்து இடையில் இறங்கும் பித்தமும் சளியும் கழுவப்பட்டுப் போகும்.

நுரைக்குச் சிமெத்திகோன் நல்ல மருந்து. அதை ஸ்கோப்புக்கு நீர் தரும் பாட்டிலில் கலந்து வைப்பதுதான் வம்பு. அது நீரில் கரையாத சிலிக்கோன் வகை. காற்றும் நீரும் போகிற நுண்குழாய்களில் படிந்தால் கழுவினாலும் முழுதாகப் போகாது. அங்கே பிரஷ்ஷும் நுழையாது. தேவையான இடத்தில் கொஞ்சமாக, சிரிஞ்சு வழியே, சதை மாதிரி எடுக்கும் கருவி போகிற பயாப்ஸி குழாயில் செலுத்தினால் போதும்.

லென்ஸ் அழுக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கோப்பின் நுனியில் இருக்கும் சிறு மூக்குதான் லென்ஸின் மேல் நீரைப் பாய்ச்சுகிறது. பரிசோதனை முடிந்தவுடனே அந்தக் குழாயில் நீரும் காற்றும் செலுத்தாமல், தேநீர் குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று விட்டால் சளி காய்ந்து மூக்கு அடைத்துக்கொள்ளும். அதை ஊசியால் குத்தி எடுக்கப் பார்ப்பவர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன். மூக்கு விரிந்துவிட்டால் நீர் லென்ஸில் படராமல் வேறெங்கோ பீய்ச்சும். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் வாளியின் அடியில் விடும் வெள்ளைக் கறையைப் பார்த்திருப்பீர்கள். கழுவி முடிக்கும் கடைசி நீர் உப்பு நீராக இருந்தால் அதே கறை லென்ஸிலும் படியும். திரை மங்கியதும், படத்தைத் திரைக்கு அனுப்பும் பிராசஸரைக் குறை சொல்கிறோம்.

ரத்தத்துக்கு வருவோம், இங்கேதான் தவறுகள் அதிகம். ஹீமோகுளோபின் நீல ஒளியையும் பச்சை ஒளியையும் விழுங்கிக்கொண்டு சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் அந்தச் சிவப்புதான் பொங்கி வழியும். மேடு பள்ளம் எதுவும் தெரியாது. கிட்டத்தில் ஈரச் சுவர் பளபளத்தால் தானியங்கி ஒளிக் கட்டுப்பாடு அதைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், தூரத்தில் இருக்கும் புண் இருட்டில் போய்விடும். அப்போதெல்லாம் நுனியைச் சற்றுப் பின்னுக்கு இழுப்பதே பெரிய உதவி.

சிலர் உடனே என்.பி.ஐ. (குறுகிய பட்டை ஒளியில் படம் காட்டும் முறை) பொத்தானை அழுத்துவார்கள். அது 415, 540 நானோமீட்டர் ஒளியில் வேலை செய்வது. சுத்தமான சவ்வில் நுண்குழாய்களைக் காட்டுவதற்காக, ஹீமோகுளோபின் விழுங்குகிற நிறங்களையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ரத்தக் குளத்தில் அதைப் போட்டால் திரை மை கொட்டியதுபோல் கறுக்கும். பித்தநீர்கூட அதில் சிவப்பாகத் தெரிந்து பயமுறுத்தும். ரத்தம் கசியும் இடத்தைத் தேட எதிர்த் திசையில் போக வேண்டும். ஒலிம்பஸ் நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த எவிஸ் எக்ஸ்1 எண்டோஸ்கோப்பி கருவியில் உள்ள ஆர்.டி.ஐ. என்ற ஒளி முறை பச்சையோடு மஞ்சள்-செம்மை, சிவப்பு ஒளிகளையும் பயன்படுத்துகிறது. ரத்தம் அடர்த்தியாகப் பீறிடும் இடமும், அது நீர்த்துப் பரவிய இடமும் அதில் வேறு வேறு நிறமாகப் பிரியும்.

பீறிடும் ரத்தத்தின் மேல் நீரைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பது இன்னொரு வீண் உழைப்பு. வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு சொட்டு நீலம் வாளித் தண்ணீர் முழுக்கப் பரவிவிடும். கெட்டிக் கஞ்சியில் விட்டால் விழுந்த இடத்திலேயே நிற்கும். ஜப்பானில் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தின் டொமோனோரி யானோ குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஜெல் முறையின் சூட்சுமம் இதுதான். தெளிந்த ஜெல்லை உள்ளே செலுத்தினால் ரத்தம் அதோடு சட்டென்று கலக்காமல் இழையாக நிற்கும், இழை கிளம்பும் இடம் கண்ணுக்குத் தெரியும். உப்புக் கலந்த ஜெல்லில் மின்சாரத்தால் சுடப் போவது தவறு, மின்னோட்டம் சிதறிவிடும். அதற்கு உப்பில்லாத ஜெல் வேண்டும்.

இவை எதுவும் இல்லாத இடத்திலும் வழி உண்டு. இரைப்பையின் மேல்பகுதியை ரத்தக்கட்டி மூடியிருந்தால் நோயாளியை வலப்பக்கம் திருப்பிப் படுக்க வைப்பதற்குச் செலவே கிடையாது. பரிசோதனைக்கு 30 முதல் 120 நிமிடம் முன்பு எரித்ரோமைசின் செலுத்தி இரைப்பையைக் காலி செய்வது மருத்துவர்கள் முடிவு செய்ய வேண்டியது. நேரம் போய்விடும் என்று அதை மறந்துவிட்டு, ஒரு மணி நேரம் கட்டியோடு மல்லாடுவதையும் பார்த்திருக்கிறேன்.

வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கேமராவை நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் சிக்கல் வேறு. 37 டிகிரி ஈர வெப்பத்துக்குள் குளிர்ந்த லென்ஸை நுழைத்தால் வியர்க்காமல் என்ன செய்யும்? முன்கூட்டியே வெந்நீரில் சூடேற்ற வேண்டும். வயிற்றை உப்பச் செய்யும் வாயு வரும் குழாயைக் கேமரா நுழையும் துளையிலேயே மாட்டுவது பழக்கதோஷம். குளிர்ந்த வாயு லென்ஸை உரசிக்கொண்டே போகும். வேறு துளைக்கு மாற்றினாலே பாதி தீர்ந்தது. மின்சாரத்தால் சுடும்போது எழும் புகையை வெளியேற்ற சக்ஷனை முழு வேகத்தில் போட்டால் வயிறு சுருங்கிப் பார்க்கும் இடமே போய்விடும்.

பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் இந்தப் புகையை நீக்க ஒரு நிரல் எழுதிக் காட்டினான். "மாமா, புகை போய்விட்டது பாருங்கள்." போயிருந்தது. கூடவே வெள்ளைத் துணி சாம்பலாகியிருந்தது, கருவியின் பளபளப்பும் கறுத்திருந்தது. அவன் எடுத்தது 2009-இல் ஹே, சுன், டாங் மூவரும் வெளியிட்ட மூட்டம் நீக்கும் முறை. தெருவில் எடுத்த படங்களுக்கானது. தூரம் கூடக் கூட மூட்டமும் கூடும், வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் மூட்டம் என்பது அதன் நம்பிக்கை. வயிற்றுக்குள் புகை சுடும் இடத்தில் கிளம்பி லென்ஸுக்கு முன்னால் வந்து நிற்கும். தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து, செயற்கை நுண்ணறிவுக்குப் பழக்கம் கொடுத்தான். படம் கண்ணாடிபோல் வந்தது. கணினியில் வரைந்த புகையைச் சுத்தமான படங்களின் மேல் பூசிக் கற்றுக்கொடுத்தால், சோதனையில் மதிப்பெண் நன்றாகவே வரும். ஆனால் அடர்ந்த புகைக்குப் பின்னாலிருந்து ஒளியே வராத இடத்தில் நிரல் எதைக் காட்டும்? மற்றப் படங்களில் பார்த்ததை வைத்து ஊகிக்கும். இல்லாத ரத்தக்குழாயை வரையலாம், இருப்பதை அழிக்கலாம். போதாக்குறைக்கு, நொடிக்கு 30 படம் ஓடினால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 33 மில்லிநொடிதான். அதைத் தாண்டிப் படங்கள் தேங்கினால் கத்தி ஓரிடத்தில் இருக்கும், திரையில் வேறிடத்தில் தெரியும்.

அசல் படத்தைத் திரையின் ஓரத்தில் எப்போதும் வைத்திரு, காலால் மிதித்தால் அசலுக்கே திரும்பும்படி செய் என்று அவனிடம் சொன்னேன். இப்போது அவனுடைய நிரல் ஊகிக்க முடியாத இடத்தை நிரப்பாமல் சாம்பல் திட்டாகவே விட்டுவிடுகிறது. படம் அழகாக இல்லை என்று கல்லூரியில் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்களாம். எனக்கு அந்தத் திட்டுதான் பிடித்திருக்கிறது.