தெரியாத பறவையா? முதலில் அளவு, பிறகு அலகு

பால்கனியில் வைத்த தீனித் தட்டின் விளிம்பில் ஒரு முனையிலிருந்து 10, 15, 23 செ.மீ. தூரத்தில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். தேன்சிட்டு, சிட்டுக்குருவி, மைனா ஆகியவற்றின் நீளம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். புதிய பறவை வந்ததும் கோட்டோடு சேர்த்துப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுங்கள். அடுத்து அலகு: கூம்பு வடிவம் என்றால் தானியம் தின்பது, மெல்லியதாக வளைந்திருந்தால் தேன் குடிப்பது.

நிறத்தை நம்பி ஆரம்பித்தால்தான் குழப்பம். வெயிலிலும் நிழலிலும் அது மாறித் தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்குமே வேறுபடும். பெங்களூரில் பப்பாளித் துண்டுக்கு வரும் பழுப்புப் புள்ளிப் பறவையைப் பலர் ஏதோ அபூர்வ இனம் என்று நினைக்கிறார்கள். அது பெண் குயில், காக்கை அளவு இருக்கும். செம்மீசைச் சின்னான் என்ற புல்புல் பறவையின் குஞ்சுக்குக் கன்னத்துச் சிவப்பு இருக்காது, கொண்டையைப் பாருங்கள். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியும் அளவைக் கேட்கும். கோட்டோடு எடுத்த படம் அப்போது கைகொடுக்கும்.

வால் நீண்ட பறவைக்கு நீளத்தை மட்டும் நம்பாதீர்கள், உடல் பருமனையும் பாருங்கள். குளிர்ந்த காலையில் இறகைச் சிலிர்த்திருந்தால் பெரிதாகத் தெரியும், கொஞ்சம் காத்திருங்கள். கூண்டிலிருந்து தப்பிய லவ் பேர்ட்ஸ் போன்றவை உள்ளூர்ப் பறவைப் பட்டியலில் வராமல் போகலாம்.