சாத்துக்குடித் தோலில் தரை துடைக்கும் திரவம்: முதல்முறை செய்பவர்களுக்கு

கோடையில் ஜூஸ் கடை வாசலில் சாத்துக்குடித் தோல் கூடைகூடையாகக் கிடக்கும். பையை நீட்டினால் கடைக்காரர் காசு வாங்காமல் அள்ளிப் போடுவார், "எதுக்குங்க?" என்ற கேள்வியோடு. வீடு துடைக்க என்றால் நம்பமாட்டார். இதை பயோ என்சைம் என்கிறார்கள். பேர்தான் பெரிது, புளிக்கவைத்த தோல் தண்ணீர், அவ்வளவுதான். அழுக்கை எடுப்பது பெரும்பாலும் அதிலுள்ள அமிலம்.

முதல் நாள்

அளவு 1:3:10. அதாவது வெல்லம் 100 கிராம், தோல் 300 கிராம், தண்ணீர் 1 லிட்டர். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி எதுவானாலும் சரி, அழுகியதை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். மலிவான கறுத்த வெல்லமே போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, நறுக்கிய தோலோடு 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றுங்கள். மேலே கால் பங்காவது காலியாக இருக்கட்டும். தேதியை எழுதி ஒட்டுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். என் முதல் முயற்சி ஊறுகாய் ஜாடியில். ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பினால், அலமாரி முழுக்கக் கண்ணாடிச் சில்லும் வெல்லப் பாகும்.

முதல் மாதம்

தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து மூடுங்கள். 'புஸ்' என்று காற்று வரும். வெல்லம் நொதித்து உண்டாகும் கரியமில வாயு அது. பாட்டிலை அமுக்கிப் பார்த்தாலே தெரியும், கல் மாதிரி விறைத்திருந்தால் உடனே திறக்க வேண்டும். இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒருமுறை போதும். மேலே வெள்ளை ஆடை படிந்தால் பயமில்லை. கறுப்புப் பூஞ்சை வந்தால் கொட்டிவிடுங்கள்.

90 நாள் கழித்து

பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். பழுப்பு நிறத்தில், புளிப்பும் பழ வாசனையுமாக இருக்க வேண்டும். சக்கை செடித் தொட்டிக்கு.

தரை துடைக்க அரை வாளித் தண்ணீருக்கு 50 மில்லி. குளியலறை டைல்ஸில் படியும் உப்புக்கறைக்குத் தண்ணீர் சேர்க்காமல் ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிட்டுத் தேயுங்கள். அந்தக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அமிலம் அதைக் கரைத்துவிடும். மார்பிளும் கடப்பாக் கல்லும் அதே கால்சியம் கார்பனேட்தான்! சமையல் மேடை கடப்பாவாக இருந்தால் இது படவே கூடாது, பளபளப்பு போய்விடும். மொசைக் தரைக்கும் வேண்டாம். கிரானைட், டைல்ஸ் என்றால் கவலையில்லை.

எண்ணெய்ப் பிசுக்குக்கு

அமிலத்தால் பிசுக்கு போகாது. அதற்குப் பூந்திக்கொட்டை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, உள்ளே இருக்கும் கறுப்பு விதையை நீக்கிவிட்டு, 15 கொட்டையின் தோலை அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் 15 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியதும் கையால் பிசைந்து வடிகட்டினால் பாத்திரம் தேய்க்கும் திரவம் தயார். கடைச் சோப்பு அளவுக்கு நுரை வராது. கண்ணில் பட்டால் எரியும். மீன் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், இதிலுள்ள சபோனின் மீன்களுக்கு விஷம்.

வெளியே வைத்தால் மூன்று நாளில் கெட்டுவிடும். அதனால் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

எதை எதோடு கலக்கக் கூடாது

வினிகரும் சமையல் சோடாவும் கலந்து பொங்கவைப்பதைப் பல வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். வேடிக்கைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர். அது வீண் வேலை, ஆபத்தில்லை. பிளீச்சிங் பவுடர் அப்படியல்ல. நம் தோல் திரவத்தை அதோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் கழிப்பறைக்கு பிளீச்சிங் பவுடரே சரி, இந்தத் திரவம் கிருமிநாசினி ஆகாது. அன்றைக்கு இந்த பாட்டிலை எடுக்காதீர்கள்.

அப்புறம், வடிகட்டும்போது ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். அடுத்த பாட்டிலில் அதை உறைமோர் மாதிரி ஊற்றினால், மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை, சீக்கிரமே புளித்துவிடும்.