டிசைன் ப்ராஜெக்ட்: பிரச்சினையை எழுதுவதில்தான் பாதி வேலை

13 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு டிசைன் ப்ராஜெக்ட், அதாவது ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து அதற்குத் தீர்வை வடிவமைத்துச் செய்யும் வேலை, கொடுக்கப் போகிறீர்களா? குழு பிரிப்பது, கால அட்டவணை போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேரே வேலைக்கு வருகிறேன்.

முதலில் பார்க்க அனுப்புங்கள். இடைவேளையில் ஒரே இடத்தில் நின்று, யார் எங்கே திண்டாடுகிறார்கள் என்று எழுதி வரட்டும். யோசனை எதுவும் இப்போது வேண்டாம்.

அடுத்து, பிரச்சினையை ஒரே வரியில் எழுத வேண்டும். என் வகுப்பு சிக்கி நின்றது இங்கேதான். “பை வைக்க ஒரு ஸ்டாண்டு வேண்டும்” என்று எழுதினார்கள். அது பிரச்சினை இல்லை, பதில். அப்படியே விட்டால் எல்லாக் குழுவும் ஸ்டாண்டுதான் செய்யும், நிறம் மட்டும் மாறும். “தரையில் கிடக்கும் பைகளால் வகுப்புக்குள் நடக்க வழியில்லை” என்று மாற்றியதும் ஒரு குழு மேசையோரம் கொக்கி மாட்டியது, இன்னொன்று மேசை வரிசையையே திருப்பிப் போட்டது. செய்யப்போகும் பொருளின் பெயர் அந்த வரியில் வந்துவிட்டால், அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்லுங்கள்.

இதே காரணத்துக்காகப் போன வருடப் பிள்ளைகள் செய்த பொருளையும் மாதிரியாகக் காட்டாதீர்கள். 1991-இல் வெளிவந்த ஜான்சன், ஸ்மித் ஆய்வில், மாதிரிப் படம் பார்த்தவர்கள் அதிலிருந்த குறைகளையும் சேர்த்தே தங்கள் வடிவமைப்பில் கொண்டுவந்தார்கள். பொறியியல் படித்தவர்களுக்கே அந்தக் கதி!

சரி, இப்போது தாளை எட்டாக மடித்து, எட்டு நிமிடத்தில் எட்டுத் தீர்வுக்கு எட்டுப் படம். தனித்தனியாக, பேசாமல். குழுப் பேச்சு அப்புறம்தான். பென்சில் கூடாது, தடித்த மார்க்கர்தான். பென்சில் கிடைத்தால் அழித்து அழித்து ஒரே படத்தை அழகுபடுத்திக்கொண்டிருப்பார்கள்.

மாதிரி செய்ய அட்டைப்பெட்டியும் மாஸ்கிங் டேப்பும் போதும். 3டி பிரிண்டர் இருந்தால் இந்தக் கட்டத்தில் பூட்டியே வையுங்கள். மணிக்கணக்கில் காத்திருந்து அதில் அச்சிட்டு எடுத்ததை மாற்ற யாருக்கும் மனம் வராது. அட்டையைக் கிழித்து ஒட்டிவிடலாம்.

செய்ததை வேறு குழுவின் கையில் கொடுங்கள். செய்தவர் வாய் திறக்கக் கூடாது. “இப்படிப் பிடிக்கணும்” என்று சொல்லத் துடிக்கிறாரா? திருத்த வேண்டிய இடம் அதுதான்.

பின்சேர்க்கை: ஒரே பிள்ளை எல்லா வேலையையும் செய்தால் மதிப்பெண் எப்படிப் போடுவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முடிந்த பொருளுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. முதல் மாதிரிக்கும், திருத்திச் செய்த இரண்டாவதற்கும் நடுவில் என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒவ்வொருவரும் தனித்தாளில் எழுதித் தர வேண்டும், மதிப்பெண் அதற்கு. எட்டுப் படத் தாளையும் பெயர் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.