பலாப்பால் கறைக்கு முதலில் எண்ணெய், அப்புறம்தான் தண்ணீர்

பலாப்பழம் அறுக்கும்போது துணியில் பால் ஒட்டிவிட்டால் உடனே தண்ணீரில் நனைக்காதீர்கள். காய்ந்த துணியிலேயே நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, பின்பக்கமும் கொஞ்சம் தடவி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிசின் இளகிவிடும். விரலால் உருட்டினால் திரிதிரியாகக் கையோடு வரும். மிச்சத்தைப் பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். பிறகு வழக்கம்போல் துவைக்கலாம்.

பலாப்பால் ரப்பர் பால் மாதிரி. தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் இளகும். எண்ணெய் விட்டுவைத்த பிசுக்கை லிக்விட் எடுத்துவிடும். அதனால் அந்த இரண்டாவது வேலையை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் எண்ணெய்க் கறை நின்றுவிடும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இருந்தாலும் போதும். பண்ருட்டிப் பலா கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு வந்து இறங்கும் மாதங்களில் இது ரொம்பவே உதவும். கத்திக்கும் கைக்கும் எப்படியும் எண்ணெய் தடவுவோம், அந்தக் கிண்ணமே பக்கத்தில் இருக்கும்.

பட்டுப்புடவைக்கு இது வேண்டாம், டிரை வாஷுக்குக் கொடுப்பதே நல்லது. நாள்பட்டுப் பழுப்பேறிய கறையில் பிசின் போகும், நிறம் முழுதாகப் போகாது. முந்திரிப்பழச் சாறு பட்ட துணிக்கும் எண்ணெய் வைக்காதீர்கள். அது பிசின் இல்லை, துவர்ப்புச் சாறு. பட்ட உடனே பச்சைத்தண்ணீரில் நன்றாக அலச வேண்டும்.