குட்டி நாயின் வயிறு: எதைக் கொடுப்பது, எதைக் கவனிப்பது

புதிதாக நாய்க்குட்டி வந்த வீட்டில் முதல் வாரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். ஆளாளுக்கு எதையாவது ஊட்டுவார்கள்: ஒரு கிண்ணம் பால், இரண்டு பிஸ்கட், தட்டில் மிஞ்சியதில் கொஞ்சம். மூன்றாம் நாள் குட்டிக்குப் பேதி. உடனே “இந்த டாக் ஃபுட் ஒத்துக்கலை” என்று வேறு பிராண்டுக்குத் தாவுவார்கள், பேதி இன்னும் கூடும். புழு, வைரஸ் எல்லாம் உண்டுதான், அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் சாதாரண வயிற்றுக் கோளாறுகளில் பெரும்பாலானவை நம் கையால் வருபவைதான். அதனால் இதில் பாதி, எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதாகவே இருக்கும்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

குட்டியை எட்டு வாரத்துக்கு முன்னால் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். வாங்கி வரும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: என்ன சாப்பிட்டது, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, பூச்சி மருந்தும் தடுப்பூசியும் எந்தத் தேதியில் போட்டது. முடிந்தால் அதே உணவில் ஒரு வாரத்துக்கானதைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். இடம் மாறியது, தாயும் கூடப்பிறந்தவையும் இல்லாதது, பயணம் என்று இந்தப் பதற்றமே மலத்தை இளக்கப் போதும். அதோடு உணவையும் மாற்றிவிட்டால் எதனால் வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

பழைய உணவு நல்லதாக இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், குட்டி வீட்டுக்குப் பழகிய பிறகு 7 முதல் 10 நாள் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, அப்புறம் பாதிக்குப் பாதி, அப்புறம் முக்கால், கடைசியில் முழுவதும். நடுவில் மலம் இளகினால் முந்தைய அளவுக்கே திரும்பி இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள். குடலில் இருக்கும் பாக்டீரியாக்களும் செரிமான நொதிகளும் புதிய உணவுக்குத் தோதாக மாற நாள் பிடிக்கும், அவ்வளவுதான் காரணம்.

பால் பற்றி ஒரு வார்த்தை

பால் குடி மறந்த குட்டிக்குப் பால் தேவையே இல்லை, தண்ணீர் போதும். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, பால் குடி மறக்கும் பருவத்திலிருந்து குறைந்துகொண்டே வரும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கும், நொதிக்கும், பேதியாகும். சில குட்டிகள் தாங்கிக்கொள்ளும்தான், அதற்காகக் கொடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

தாயில்லாத, இன்னும் கண் திறக்காத குட்டி என்றால் கதையே வேறு. அதற்கும் பசும்பால் உதவாது, ஏனென்றால் நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட அதிகம், லாக்டோஸ் குறைவு. நாய்க்குட்டிகளுக்கென்றே உள்ள பால் பவுடரை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். குட்டியைக் குப்புற வைத்துத்தான் ஊட்ட வேண்டும், மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போகலாம். உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் சூடுபடுத்திவிட்டுத்தான் பால். குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்யாது.

எந்த உணவு, எவ்வளவு, எத்தனை வேளை

பாக்கெட்டின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் திருப்புங்கள். முழுமையான, சமச்சீரான உணவு என்றும், வளரும் பருவத்துக்கு அல்லது எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்றும் எழுதியிருக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு மட்டுமான உணவு குட்டிக்குப் போதாது. நீர் நீக்கிய அளவில் வளரும் குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதம் புரதம் வேண்டும், வளர்ந்த நாய்க்கு 18 போதும் என்பது விலங்கு உணவுக்குத் தர அளவுகளை வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பு வைத்திருக்கும் கணக்கு.

வளர்ந்தால் 25 கிலோவுக்கு மேல் போகக்கூடிய இனம் என்றால் பெரிய இனக் குட்டிகளுக்கான உணவையே வாங்குங்கள், அதில் கால்சியமும் கலோரியும் அளவாக இருக்கும். “எலும்பு பலமாகட்டும்” என்று கூடவே கால்சியம் டானிக் ஊற்றுவதுதான் நான் பார்த்ததில் மிகவும் பரவலான தவறு. இளம் குட்டியின் குடலால் தேவைக்கு மேல் உள்ள கால்சியத்தை வேண்டாம் என்று தடுக்க முடியாது, கொடுப்பதில் பெரும்பகுதி உள்ளே போய்விடும், எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். நல்ல உணவு சாப்பிடும் குட்டிக்கு டாக்டர் சொல்லாமல் எந்தச் சத்து மருந்தும் வேண்டாம்.

வீட்டுச் சமையல்தான் கொடுப்பேன் என்பவர்களுக்கு இதற்கு நேர் எதிரான ஆபத்து. வெறும் கறியும் சோறும் மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியம் மிகக் குறைந்து, பாஸ்பரஸ் கூடி, எலும்பு மெலிந்து முறியும் அளவுக்குப் போகும். கொடுக்கலாம், ஆனால் உங்கள் குட்டியின் எடைக்கும் வயதுக்கும் கால்நடை உணவியல் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்த கணக்குப்படி. பச்சை இறைச்சியைப் பொறுத்தவரை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் குட்டிக்கு மட்டுமில்லாமல் வீட்டில் இருப்பவர்களுக்கும் வரும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

மூன்று மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதற்கு மேல் இரண்டு வேளை. ரொம்பச் சின்ன இனங்களுக்கு வேளையைக் குறைப்பதில் அவசரம் வேண்டாம், நீண்ட நேரம் வயிறு காய்ந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கி, தள்ளாடி, வலிப்பு வரைக்கும் போகும். அளவுக்குப் பாக்கெட்டில் உள்ள அட்டவணையில் தொடங்குங்கள், கண்ணளவு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். அப்புறம் அட்டவணையை மறந்துவிட்டு விலா எலும்பைத் தடவிப் பாருங்கள்: லேசாகத் தடவும்போதே எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது, மேலிருந்து பார்த்தால் இடுப்பு கொஞ்சம் ஒடுங்கியிருக்க வேண்டும். குண்டுக் குட்டி அழகுதான், ஆரோக்கியம் இல்லை. காரணமே தெரியாமல் மலம் எப்போதும் இளகலாக இருக்கிறது, குட்டியோ துள்ளிக்கொண்டிருக்கிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அதிக உணவைத்தான்.

கிண்ணத்தை 15, 20 நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். நேரத்துக்குச் சாப்பிட்டால் நேரத்துக்குப் போகும். வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவதால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வெளியே கூட்டிப்போனால் கழிப்பறைப் பழக்கமும் சேர்ந்தே வந்துவிடும்.

மலத்தைப் பார்க்கப் பழகுங்கள்

முகம் சுளிக்காதீர்கள், குட்டியின் உள்ளே நடப்பதைச் சொல்லும் ஒரே தினசரி அறிக்கை அதுதான். நல்ல மலம் பழுப்பாக, உருண்டு நீளமாக, எடுத்தால் தரையில் ஒட்டாமல் வரும். குட்டிகள் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போவது சகஜம்.

இளகினால் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். அடிக்கடி ஓடி, முக்கி முக்கிக் கொஞ்சமாக, சளியோடு, சில சமயம் ஒரு கீற்று சிவப்பு ரத்தத்தோடு போனால் பிரச்சினை பெருங்குடலில். பதற்றத்தால் வருவதும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எண்ணிக்கை அதிகமில்லாமல் ஒவ்வொரு தடவையும் நிறைய, தண்ணீராகப் போய், கூடவே எடையும் குறைந்தால் சிறுகுடல். தார் மாதிரி கறுத்து ஒட்டிக்கொண்டு வந்தால் மேலே வயிற்றிலோ சிறுகுடலிலோ கசிந்த ரத்தம் செரித்து வருகிறது என்று அர்த்தம், உடனே போக வேண்டும். இதை நீங்களே பிரித்துச் சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். போட்டோ எடுங்கள், வெட்கப்படாதீர்கள், அன்றைய மலத்தில் ஒரு தேக்கரண்டி மூடிய டப்பாவில் எடுத்துப்போங்கள்.

நூல்நூலாக நெளிந்தால் உருண்டைப் புழு. அரிசி போலத் துண்டு துண்டாக ஆசனவாயில் ஒட்டியிருந்தால் நாடாப்புழு, அது உண்ணியால் அல்ல, தெள்ளுப்பூச்சியால் வருவது, தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்ப வரும். கொக்கிப்புழு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ரத்தம் குடிக்கும், ஈறு வெளுத்துப்போகும். ஜியார்டியா, காக்சிடியா இரண்டும் புழுவே இல்லை, நுண்ணுயிர்கள், சாதாரணப் பூச்சி மருந்துக்கெல்லாம் அவை கேட்காது. “போன வாரம்தான் பூச்சி மருந்து கொடுத்தேனே, இன்னும் பேதி நிற்கவில்லையே” என்பவர்கள் மலப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்க வேண்டியது இதனால்தான்.

பூச்சி மருந்தைக் குட்டி பிறந்த 2, 4, 6, 8 வாரங்களில் கொடுத்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை கொடுப்பது வழக்கம். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்றால், உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குப் போய்விடும், கொக்கிப்புழு பால் வழியாகப் போகும். சுத்தமான வீட்டில் பிறந்தது என்பதெல்லாம் இங்கே செல்லாது. அளவு எடையைப் பொறுத்தது, ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பாருங்கள். உருண்டைப் புழுவின் முட்டை குழந்தைகளையும் பாதிக்கும். ஆனால் மலத்தில் வந்ததும் அது தொற்றாது, மண்ணில் சில வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும், ஆகவே அன்றன்றே அள்ளிவிட்டாலே பெரிய பாதுகாப்பு.

பேதி வந்துவிட்டது, இப்போது என்ன?

குட்டி விளையாடுகிறது, சாப்பிடக் கேட்கிறது, வாந்தி இல்லை, ரத்தம் இல்லை, தடுப்பூசிகள் சரியாகப் போட்டிருக்கிறது, இரண்டு தடவை இளகலாகப் போனது, அவ்வளவுதான் என்றால் ஒரு நாள் வீட்டில் பார்க்கலாம். பட்டினி போடாதீர்கள், அது வளர்ந்த நாய்க்குச் சொன்ன பழைய வைத்தியம், குட்டிக்கு ஆபத்து. எலும்பும் தோலும் இல்லாத கோழிக்கறியை உப்பு, எண்ணெய், மசாலா எதுவுமில்லாமல் வேகவைத்து, ஒரு பங்கு கறிக்கு இரண்டு பங்கு குழைந்த சோறு என்று கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மலம் கெட்டியானதும் இரண்டு மூன்று நாளில் வழக்கமான உணவைக் கலந்து கலந்து திரும்புங்கள். வாரக்கணக்கில் சோறும் கறியுமாக நீட்டாதீர்கள், ஏன் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன்.

மனிதர்களுக்கான பேதி மாத்திரை வேண்டாம். லோப்பரமைடு சில நாய் இனங்களில் மூளைக்குள் புகுந்து நஞ்சாகும், கோலி (Collie) போன்ற மேய்ப்பு இனங்களில் இதற்கான மரபணுக் குறை சகஜம். பாராசிட்டமால், ஐபுப்ரொஃபன் இரண்டும் கூடவே கூடாது. பழைய ஆன்டிபயாட்டிக் மிச்சமிருக்கிறது என்று எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். சாதாரணப் பேதிக்கு அது தேவையும் இல்லை, குடலின் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கும்.

இனி, காத்திருக்கக் கூடாத நிலை. வாந்தியும் பேதியும் சேர்ந்து வருவது, ரத்தப் பேதி, சோர்ந்து சுருண்டு படுப்பது, உணவைத் திரும்பிக்கூடப் பார்க்காதது, வெளுத்த ஈறு, உப்பிய வயிறு, குமட்டியும் எதுவும் வெளியே வராதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். தடுப்பூசி முடியாத குட்டி என்றால் முதல் சந்தேகம் பார்வோ, குடலைத் தாக்கும் வைரஸ் நோய். மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றிக் கவனித்தால் பெரும்பாலானவை பிழைக்கின்றன, சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன, நடுவில் இருப்பது சில மணி நேரங்கள்தான். போகும் முன் போன் செய்து “பார்வோவாக இருக்கலாம்” என்று சொல்லுங்கள், மற்ற குட்டிகளோடு உட்கார வைக்க மாட்டார்கள். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண ஃபினாயில் போதாது, தரையைக் கழுவிவிட்டு ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 2 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் வரையாவது போக வேண்டும். ஒன்று போட்டாயிற்றே என்று நிறுத்தினால், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி அந்த ஊசியை வீணாக்கியிருக்கலாம்.

நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்க ஈறைத் தொடுங்கள், வழவழவென ஈரமாக இருக்க வேண்டும், பிசுபிசுத்தால் வற்றுகிறது. ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும்.

வாய்க்குள் போகக் கூடாதவை

சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, மக்கடேமியா கொட்டை, மது, புளித்த பச்சை மாவு. எல்லாவற்றையும்விட வேகமாகக் கொல்வது சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு, சர்க்கரையில்லாத சூயிங்கம்மிலும் சில வேர்க்கடலை வெண்ணெயிலும் இருக்கும், லேபிளைப் படியுங்கள். சமைத்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். சாக்ஸ், துணி, நூல் விழுங்கினால் அடைப்பு. ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், மறுமுனை உள்ளே மாட்டியிருந்தால் குடல் கிழியும்.

டிரீட் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். பழக்கும் நாட்களில் அன்றைய உணவிலிருந்தே ஒரு பிடியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பசியோடிருக்கும் குட்டிக்கு அதுவே விருந்து.

கடைசியாக, எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்பது: குட்டி தன் மலத்தையே சாப்பிடுகிறது. குட்டிகளில் இது நிறைய உண்டு, பெரும்பாலும் வளர வளர விட்டுவிடும். கூடவே எடை ஏறாமல், எவ்வளவு சாப்பிட்டாலும் பசியாகவே இருந்தால் புழுவோ செரிமானக் குறையோ இருக்கலாம், காட்டுங்கள். மற்றபடி மருந்தெல்லாம் தேவையில்லை, போன கையோடு அள்ளிவிடுங்கள், போய் முடித்ததும் கூப்பிட்டு ஒரு டிரீட் கொடுங்கள். கத்திக்கொண்டு ஓடாதீர்கள், நீங்கள் வருவதற்குள் விழுங்கிவிட வேண்டும் என்று வேகமாகச் சாப்பிடக் கற்றுக்கொள்ளும்.